முற்றத்தில் கூடும் கலைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுள் வேலணைத் தீவு ஒன்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமாகிய லைடனின் பெயரை அதற்குச் சூட்டி மகிழ்ந்தனர். அத்தீவின் வடபகுதியிலே, ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அண்மையில் அமைந்தது கரம்பொன் என்னும் ஊர். நேயர்கள் சற்று என்னுடன் வந்து, இத்தீவுகளிலும் குடாநாட்டிலும் முன்னோர் கட்டிய பழைய வீடொன்றின் படலையைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டுகின்றேன்.

முதலில் வருவது சங்கடப் படலை. அதன்மேல் ஒரு சிறு கூரை, இருமருங்கும் திண்ணை. தெருவழியே போவோர் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கலாம், வீட்டாரைக் கேட்கவேண்டியதில்லை. அதனைக் கடந்தால் தலைவாசல். அதற்கப்பால் நாற்புறமும் விறாந்தை சூழ, நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம். இதனையே நாற்சார் வீடு என்கிறோம். அந்நியனுக்கு இடம் படலையிலே, அறிந்தவனுக்குத் தலைவாசலிலே, உற்றவனுக்கு முற்றத்தைச் சூழ்ந்த விறாந்தையிலே. மனிதர் ஒன்றுகூடும் முறையை நன்கு எண்ணிப் பார்த்தவர்களே இப்படியொரு வீட்டைக் கட்டியிருத்தல் கூடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இத்தகைய வீட்டிலே நிகழக்கூடிய ஒன்றைப் பற்றியது. கவிஞரும் பாடகரும், ஓவியரும் கூத்தரும், சிற்பியும் தச்சரும் ஒரு வீட்டில் ஒரு மாலைப் பொழுதிலே கூடி, ஒருவர் கலையை மற்றவர் அறிந்துகொள்ளும் கூட்டத்தை வீட்டுக்காரர் ஒருவர் எவ்வாறு நடத்துகின்றார், அதனால் விளைவது யாது என்பதே அப்பொருள். பிரெஞ்சு மொழியிலே இத்தகைய கூட்டத்துக்குச் 'சலோன்' என்று பெயர். வீட்டின் வரவேற்பு மண்டபத்தைக் குறித்த சொல் அது. அச்சொல்லின் உடன்பிறப்பு நம்மூருக்கு வந்து சேர்ந்தபோது முடிதிருத்தும் கடையின் பெயராயிற்று. அங்கேயும் உலக விவகாரம் குறைவின்றிப் பேசப்படுவதால், அதிற் பெரிய பிழை இல்லை என்றே கருதுகின்றேன்.

பதினேழாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்தில் இராம்புயே சீமாட்டி என்பார் தம் மாளிகையின் நீல அறையிலே புலவரையும் பிரபுக்களையும் ஒருங்கே வரவேற்றார். அரசவையிலே குலத்துக்கு ஏற்ப ஆசனம்; நீல அறையிலோ சொல்லின் சுவைக்கு ஏற்ப மதிப்பு. அடுத்த நூற்றாண்டிலே ஜொஃப்ரான் அம்மையார் என்பார் இன்னும் ஒழுங்காக நடத்தினார். திங்கட்கிழமை ஓவியருக்கும் சிற்பிகளுக்கும் விருந்து; புதன்கிழமை எழுத்தாளருக்கும் அறிஞருக்கும் விருந்து. கலைஞரையும் புலவரையும் அவர் இரு நாளாகப் பிரித்துவைத்தது விருந்தோம்பலுக்கு வசதியாயிருந்திருக்கலாம். ஆனால் இவ்விரு சாராரும் ஒரே நாளில் ஒரே பாயில் அமரும்போதுதான் நாம் நாடும் பயன் விளையும்.

அப்பயன் யாது? நம் தமிழ்க் கலைகள் இன்று ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. பாடகர் பாட்டின் பொருளறியாமல் இராகத்தை மட்டும் ஆலாபனை செய்கின்றார். கவிஞர் தம் விருத்தத்தை உரைநடைபோலத் தட்டையாக வாசித்துவிட்டு அமர்கின்றார். ஓவியர் தம் கண்காட்சிக்கு ஓவியரையே அழைக்கின்றார். பழைய தமிழர் இயலும் இசையும் கூத்தும் சேர்ந்ததையே முத்தமிழ் என்றனர். மேடைதோறும் அச்சொல்லை முழங்குகின்றோமேயன்றி, அம்மூன்றும் அருகருகே அமர்ந்து பேசும் இடம் எங்கே இருக்கின்றது? சபைகளிலே மேடை ஒரு பக்கம், கதிரைகள் ஒரு பக்கம். பாடி முடிந்ததும் கைதட்டு. பின்பு அவரவர் வீடு. பாடகரை இடைமறித்து, அந்த ஒரு சொல்லை ஏன் அவ்வளவு நீட்டினீர்கள் என்று கேட்க அங்கே எவருக்கும் இடமில்லை. வீட்டிலே கேட்கலாம்.

தமிழ்நாட்டிலே இதனை உண்மையாகவே செய்துகாட்டியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவர் இல்லத்திலே, வட்ட வடிவான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடினர். கட்டடத்தின் பெயரே கூட்டத்துக்கும் ஆகி, 'வட்டத்தொட்டி' என்று தமிழ்நாடெங்கும் வழங்கலாயிற்று. வட்டத்துக்குத் தலைப்பக்கம் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வழக்கறிஞர், நீதிபதி, அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், பத்திரிகையாளர் எனப் பல துறையினர் அங்கே வந்தனர். பிற்காலத்திலே முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்தபோது, அருவிக்கரை வீட்டிலும் அதே சபை தொடர்ந்தது. இராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினராயினர். 1954ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் மறையும்வரை இம்முறை நிலைத்தது.

அவர் நடத்திய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கற்றுக்கொள்ளவேண்டிய நுட்பம் அங்கேதான் இருக்கின்றது. நூறு பாடல்களை அவர் எடுத்துக்கொள்வதில்லை. கம்பர் பாடல் ஒன்றை எடுப்பார். அதனை மெல்லப் பாடுவார்; ஓரடியை மீண்டும் மீண்டும் சொல்லுவார்; எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார். பதவுரையும் இலக்கணக் குறிப்பும் பின்னுக்குப் போய்விடும். பாட்டின் உருவமும் அதன் தாளமும் அதனுள் ஓடும் உணர்ச்சியும் முன்னுக்கு வரும். பாட்டு என்பது செவிக்கு உரியது, ஏட்டிலே அது உறங்கிக்கொண்டிருக்கின்றது என்பது அவர் கொள்கை. ஆகவே வட்டத்தொட்டியிலே இலக்கியமும் இசையும் இரு துறைகளாக நிற்கவில்லை. தமிழ் இசை இயக்கத்திலே அவர் முன்னின்றதும் இக்கொள்கையின் தொடர்ச்சியே எனலாம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்கள் தமிழ்நாட்டாரின் செவியிற் படிவதற்கும் அவர் பேருதவி புரிந்தார்.

அச்சபையிலே பழகியவர்களுள் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானும் ஒருவர். அவர் இலக்கியச் சுவைஞர், அரசாங்க அதிகாரி. பிற்காலத்திலே கோயில்தோறும் சென்று சிற்பங்களைப் பற்றி எழுதினார். தஞ்சாவூரிலே கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டி 1951இல் அங்கே கலைக்கூடம் அமையவும் முன்னின்றார். கம்பனைச் செவியாற் சுவைத்த ஒருவர் கல்லையும் கண்ணாற் சுவைக்கத் தொடங்கினார் என்பதே இங்கு நாம் கருதவேண்டுவது.

முதலியாரிடம் குறையே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பர் பாடியவை அல்லவென்று தள்ளினார். சில இடங்களிற் பாடத்தையும் திருத்தினார். அறிஞர் பலர் இதனைக் கடுமையாக மறுத்தனர், மறுத்தது நியாயமே. வீட்டுக்காரருடைய சுவையே சட்டமாகிவிடும் ஆபத்து இத்தகைய கூட்டங்களுக்கு எப்பொழுதும் உண்டு. வந்தவர்களுள் ஒருவராவது அவரை மறுத்துப் பேசும் துணிவுடையவராயிருக்க வேண்டும். அவ்வாறு மறுப்பவரை அடுத்த முறையும் அழைக்கும் பெருந்தன்மை வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும்.

சென்னையிலே வேறொரு வீடு. ஜார்ஜ் டவுன் பகுதியிலே வீணை தனம்மாள் வாழ்ந்த வீடு அது. வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீணை வாசிப்பார். பெரும் வித்துவான்களும் பாயிலே அமர்ந்து கேட்பர். பேச்சுச் சத்தமோ அசைவோ அவருக்குப் பொறாது. 1938இல் அவர் காலமானார். அவ்வீட்டிலே வளர்ந்த பேத்தியருள் பிருந்தாவும் முக்தாவும் இசையிலும், பாலசரஸ்வதி நாட்டியத்திலும் உலகறிந்தவராயினர். பதம் என்னும் பாடல் வகையைப் பாடுவதும், வாசிப்பதும், அபிநயிப்பதும் ஒரே குடும்பத்திலே ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. பாலசரஸ்வதியின் அபிநயத்திலே சங்கீதமே உருவெடுத்து நிற்கின்றது என்று கண்டவர் வியந்ததற்கு, அவ்வீட்டின் வெள்ளிக்கிழமைகளையும் ஒரு காரணமாகக் கூறலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலே கில்போர்ட் கிறசென்ட் என்னும் வீதியில் லயனல் வென்ட் என்பவர் வாழ்ந்தார். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், ஆனால் பியானோ வாசிப்பதிலும் புகைப்படக் கலையிலுமே அவர் உள்ளம் சென்றது. புதிய ஓவியத்தை இலங்கையார் எள்ளி நகைத்த காலத்திலே அதற்காக வாதாடியவர் அவர். 1934இல் வெளிவந்த 'சோங் ஒப் சிலோன்' என்னும் புகழ்பெற்ற படத்தில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. சில்லி நாட்டுக் கொன்சலாகக் கொழும்பில் இருந்த கவிஞர் பாப்லோ நெருடா அவருடன் பழகி, பின்னர் தம் நினைவுக் குறிப்புகளிலும் அவரைப் போற்றி எழுதினார். 1943ஆம் ஆண்டு ஓகத்து 29ஆம் நாள் வென்ட் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடி அமைத்ததே 'நாற்பத்து மூன்று குழு'. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, மஞ்சுசிறீ முதலியோர் அதிலே இடம்பெற்றனர். கீற் ஓவியர் மாத்திரமல்லர், கவிஞருமாவார், கீத கோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். இசைஞர் ஒருவரின் வீட்டிலே ஓவியர் இயக்கம் பிறந்தது தற்செயலன்று என்பது என் துணிபு. அடுத்த ஆண்டே வென்ட் காலமானார். அவர் வீடிருந்த நிலத்திலே 1953இல் அவர் பெயரால் அரங்கொன்று எழுந்தது. வீடு அரங்காகியதில் நாட்டுக்கு இலாபமே. ஆயினும் அவ்வீட்டு வரவேற்பறையிலே நடந்த பேச்சு அரங்கிலே நடவாது.

கொழும்பு வீட்டிலே ஆங்கிலம் பேசப்பட்டது. செல்வமும் இருந்தது. தீவுப்பகுதியிலே வாழும் நமக்கு அதனால் என்ன என்று கேட்பவர் உண்டு. நம்மிடம் வேறு செல்வம் உண்டு. யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டு அழைத்தார்கள். புராண படனத்திலே ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் எந்த இராகத்தை எடுக்கின்றாரோ அதற்கேற்பப் பயன் சொல்பவரின் குரலும் தாழும், உயரும். சூரபன்மன் போருக்கு எழும்போது ஒரு குரல். மாமரமாய் நிற்கும்போது வேறொரு குரல். கேட்போர் எழுத்தறியாதவராயினும் பாடலின் போக்கை அறிவர். இசையும் இலக்கியமும் உரைநயமும் கூடிய சபை இதுவன்றி வேறென்ன?

கூத்தும் அப்படியே. வடபகுதியிலே இந்துக்களும் கத்தோலிக்கரும் கூத்தாடினர். அண்ணாவியார் வந்து பல மாதம் இரவிலே பழக்குவார். பகலிலே கடலுக்கும் வயலுக்கும் போனவர் இரவிலே அரசராவர், அமைச்சராவர். பாட்டெழுதுவோர் ஒருவர், மத்தளம் கொட்டுவோர் ஒருவர், முடியும் உடையும் செய்வோர் இன்னொருவர், மேடைகட்டத் தச்சர். ஒரு கூத்தை அரங்கேற்றுதற்குள் ஒரு சிற்றூர் முழுவதும் ஒன்றையொன்று கற்றுக்கொண்டுவிடும்.

யாழ்ப்பாண நகரிலே 1930களில் கலைப்புலவர் க. நவரத்தினம் கலாநிலையம் என்னும் நிறுவனத்தை நடத்தி, இலக்கியத்தோடு சிற்பம், ஓவியம் ஆகியவற்றையும் தமிழர் கற்கவேண்டும் என்று உழைத்தார். 1941இல் அவர் எழுதிய 'தென்னிந்திய சிற்ப வடிவங்கள்' அந்நோக்கத்தின் கனி. கரம்பொன்னிலேயே 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் தொண்டும் இங்கே நினைவுக்கு வருகின்றது. அவர் நடத்தியது வீட்டுச் சபை அன்று, உலகச் சபை. 1952இல் 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் புதுடில்லியிலே அறிஞர் சிலரைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றச் செய்தார். 1966இல் கோலாலம்பூரிலே அதன் முதல் மாநாடு. மொழியறிஞரும் தொல்பொருளாய்வாளரும் கலை வரலாற்றறிஞரும் ஒரே கூட்டத்திலே தமிழைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வளவு பரந்த கருத்துக்குரியவர் பிறந்த ஊரிலே, ஒரு முற்றத்தளவு சபையையேனும் நாம் கூட்டலாகாதா?

கூட்டுவதற்கு முற்றம் வேண்டும். அங்கேதான் துயரம். 1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் நடந்த போரினால் இத்தீவு மக்களிற் பெரும்பாலார் வீடு விட்டு வெளியேறினர். கூரை வீழ்ந்து, முற்றத்திலே மரம் முளைத்து நிற்கும் நாற்சார் வீடுகளை இன்றும் காணலாம். உரியவர் சிலர் கொழும்பிலே. பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும். திரும்பி வந்தவர் கட்டிய புதிய வீடுகளிலே முற்றம் இல்லை; சுற்றுமதில் உண்டு. பயன் சொல்லக்கூடிய முதியவர்களும் அண்ணாவியார்களும் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். அவர்களிடம் இருப்பதைக் கேட்டுக்கொள்வதற்கு இன்னும் எத்தனை மாலைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதே எனக்குக் கவலை.

ஆகவே ஒரு மாலையை எண்ணிப் பார்ப்போம். கரம்பொன்னிலே ஒரு வீடு. அழைக்கப்பட்டவர் பன்னிருவர், இருபதின்மேற் போனால் அது கூட்டமாகிவிடும், பேச்சு நின்று பிரசங்கம் தொடங்கும். ஒரே கலையைச் சேர்ந்தவர் மூவருக்கு மேல் வேண்டாம். வித்துவான்கள் நால்வர் சேர்ந்தால் தமக்குள்ளேயே பேசிக்கொள்வர். நாள் நிலையானதாக இருக்க வேண்டும்: பூரணைதோறும் என்றோ, மாதத்தின் முதல் ஞாயிறு என்றோ வகுத்துக்கொள்ளலாம். நாளை மாற்றும் வீட்டுக்குச் சபை நிலைப்பதில்லை. கைத்தொலைபேசிகள் எல்லாம் படலைத் திண்ணையிலே ஒரு பனையோலைப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

அன்றைய பொருள் கம்பராமாயணத்திற் குகப் படலம். தீவாருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி வேறில்லை. ஓடங்கள் ஆயிரத்துக்குத் தலைவனாகக் கம்பர் குகனை அறிமுகப்படுத்துகின்றார். தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் முன் நிற்கின்றான் அவன். முதலில் ஒருவர் பாடல் ஒன்றை வாசிக்கின்றார், பயன் சொல்லவில்லை. பாடகர் அதே பாடலை ஓர் இராகத்திற் பாடுகின்றார். பிறகு வேறோர் இராகத்தில். எது குகனுடைய குரல் என்று விவாதம் எழுகின்றது. வேட்டுவனுக்கு வீறு மிக்க இராகம் வேண்டும் என்கிறார் ஒருவர். அவன் அன்பினாற் குழைந்து நிற்கின்றான், வீறு எதற்கு என்கிறார் இன்னொருவர்.

அப்போது வள்ளம் கட்டும் தச்சர் ஒருவரிடம் கேட்கின்றோம்: அம்பி என்று கம்பர் சொல்லும் ஓடம் எத்தகையதாயிருக்கும்? ஆறு கடக்கும் ஓடத்துக்கும் கடலோடும் வள்ளத்துக்கும் அடிப்பாகத்திலே வேற்றுமை உண்டா? அவர் கையாலே காட்டுகின்றார். பாரம் ஏறினால் ஓடம் எவ்வளவு தாழும், துடுப்பை எந்த நேரத்தில் அழுத்த வேண்டும் என்கிறார். மத்தளக்காரர் அந்தத் துடுப்பின் அசைவை விரலாலே தட்டிப் பார்க்கின்றார். ஓவியம் பயிலும் பெண்ணொருத்தி, இராமனும் சீதையும் அமர்ந்த ஓடத்தைக் கரையிலிருந்து வரைவதா, குகன் நிற்கும் இடத்திலிருந்து வரைவதா என்று வினவுகின்றாள். அண்ணாவியார் எழுந்து, கூத்திலே குகன் வரவு எப்படியிருக்கும் என்று நான்கு அடி வைத்துக் காட்டுகின்றார். இவ்வளவும் முடிந்தபின் அதே பாடலை மீண்டும் பாடச் சொல்லுங்கள். முதலிற் கேட்ட பாடலாக அது இராது. பாடகரே வேறுவிதமாகப் பாடுவார்.

வீட்டுக்காரருடைய பணி இங்கே மிக நுட்பமானது. பேசாதிருப்பவரிடம் அவர் அறிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். தச்சரை "உங்களுக்குக் கம்பராமாயணம் பிடிக்குமா?" என்று கேட்டால் அவர் நாணித் தலைகுனிவார், அம்பியைப் பற்றிக் கேட்டால் அவர் ஆசிரியராவார். அதிகம் பேசுபவரிடம் தேநீர்த் தட்டைக் கொடுத்துப் பரிமாறச் சொல்வது நல்ல உபாயம். எவருக்கும் பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், நன்றியுரை அறவே வேண்டாம்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். பாரிசிலே இத்தகைய சபைகளை நடத்தியவர் பெண்கள். சென்னையிலே தனம்மாள் தம் வீட்டுச் சபைக்குத் தாமே தலைவி. நம் ஊர்களிலோ ஆடவர் விறாந்தையிலே கம்பனைச் சுவைக்க, வீட்டுப் பெண்கள் அடுக்களையிலே வடை சுட்டுக்கொண்டிருப்பர். பாட்டின் ஓசை மட்டும் புகையோடு கலந்து அவர்களுக்குக் கேட்கும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்தவர் அவர்களே. ஓலையிலே கோலம் விளையப் பெட்டி இழைப்பவர் அவர்களே. அவர்கள் சபையிலே இல்லையென்றால் கலைகள் கூடின என்று சொல்வது பொய். ஆகையால் உண்டி எளிதாக இருக்கட்டும். மாலைக்கு முன்பே ஆக்கி வைத்த ஒடியற் கூழ் ஒரு பானை. அல்லது தேநீரும் கடிக்கப் பனங்கட்டியும். பரிமாறும் வேலையை ஆடவர் செய்யலாம். அதனால் கம்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முற்றமில்லாத புதிய வீட்டுக்காரர் மனம் சோரவேண்டியதில்லை. வேப்பமர நிழல் உண்டு. மதிலோரம் மணற்பரப்பு உண்டு. ஐந்து பாய், ஒரு விளக்கு, ஒரு சுருதிப்பெட்டி இருந்தாற் போதும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளையும் பாயில் இருத்துங்கள். விளங்காத சொல்லைக் கேட்பவர் அவர்களே. அவர்களுக்கு விளக்கப் புகும்போதுதான் நமக்கும் அது முழுதாய் விளங்கவில்லை என்பது தெரியவரும்.

எட்டு மணிக்குச் சபை கலையட்டும். வந்தவர்கள் செருப்பைத் தேடும் அந்த நேரத்திலே, அடுத்த மாலையின் நாளையும் பொருளையும் வீட்டுக்காரர் படலையில் நின்று சொல்லிவிட வேண்டும். குகனுக்கு அடுத்தபடி பரதன் வருகின்றான். அவன் சேனை முழுவதையும் கங்கை கடத்தியாக வேண்டும். ஆகவே தச்சரையும், முடியுமானால் ஊர்காவற்றுறைத் துறையிலே பாதை ஓட்டிய முதியவர் ஒருவரையும், மறவாமல் அழைத்துக்கொள்ளுங்கள்.